ஒரு எம்.எல்.ஏ.வின் தேர்தல் வரலாற்றைத் தொகுக்கும்போது எண்கள் ஏன் ஒன்றோடொன்று இடிக்கின்றன?

வைகறை (கேள்வி):

தமிழ்நாட்டுச் சட்டமன்ற உறுப்பினர்களின் தேர்தல் வரலாற்றை, ஆளுக்கு ஓர் அட்டவணையாகத் தொகுத்து வருகிறேன். ஆண்டு, தொகுதி, கட்சி, பெற்ற வாக்கு, சதவீதம், வித்தியாசம், முடிவு என ஏழு பத்திகள். மாதிரிக்கு ராதாபுரம் மு. அப்பாவுவை எடுத்திருக்கிறேன். இப்போதைக்குச் சிக்கல்கள் இவை:

ஒரே தேர்தலுக்கு மூன்று இடங்களில் மூன்று சதவீதம் இருக்கிறது. வாக்கு எண்ணிக்கை மட்டும் ஒன்றுதான். எதை எடுப்பது?

கூட்டணிக் கட்சியின் சின்னத்தில் நின்றவர்களுக்குக் கட்சிப் பத்தியில் எதை எழுதுவது?

2006 ராதாபுரமும் 2011க்குப் பிந்தைய ராதாபுரமும் ஒரே தொகுதியா?

2016 முடிவை எப்படிப் பதிவது? வழக்கு, மறு எண்ணிக்கை என்று செய்திகள் இருக்கின்றன. கடைசியில் யார் பெயர் வர வேண்டும்?

வேட்புமனு, பிரமாணப் பத்திரம் பற்றியும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பூத்சிலிப்:

முதலில் சதவீதம். யாரும் தப்பாகக் கணக்குப் போடவில்லை, ஆளுக்கொரு எண்ணால் வகுத்திருக்கிறார்கள். ஒரு கற்பனைக் கணக்கு: பதிவானவை 2,00,000. அதில் நோட்டா 2,000. நிராகரிக்கப்பட்ட தபால் வாக்கு 500. வேட்பாளர் பெற்றது 90,000.

செல்லத்தக்க வாக்குகளை (1,97,500) வைத்து வகுத்தால் 45.57. நோட்டாவையும் சேர்த்து 1,99,500ஆல் வகுத்தால் 45.11. பதிவான மொத்தத்தால் வகுத்தால் 45.00. தேர்தல் ஆணையத்தின் முடிவுகள் தளத்தில், எண்ணிக்கை நாளில் வரும் சதவீதம் நோட்டாவையும் சேர்த்தது. ஆணையத்தின் புள்ளிவிவர அறிக்கைகள் சிலவற்றில் மொத்த வாக்காளர் எண்ணிக்கையால் வகுத்த இன்னொரு பத்தியும் பக்கத்திலேயே இருக்கும். அவசரத்தில் அதைப் படியெடுத்துவிட்டால் 45 என்பது 33 ஆகிவிடும்.

என் பரிந்துரை செல்லத்தக்க வாக்குகள்தான். டெபாசிட் கணக்குக்குச் சட்டம் எடுத்துக்கொள்வதும் அதைத்தான்: எல்லா வேட்பாளரும் பெற்ற செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டும், தாண்டாவிட்டால் காப்புத்தொகை போச்சு. நோட்டா இதில் சேராது. மேலே உள்ள கணக்கில் எல்லை 32,916.67. ஆக 32,917 வாங்கியவருக்குப் பணம் திரும்பும், 32,916 வாங்கியவருக்குத் திரும்பாது. எந்த முறையை எடுத்தாலும் அட்டவணையின் அடியில் எழுதிவிடுங்கள், நடுவில் மாற்றாதீர்கள்.

நோட்டா தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தேர்தலில் முதலில் வந்தது 2013 டிசம்பர் ஏற்காடு இடைத்தேர்தலில். அதற்கு முந்தைய தேர்தல்களுக்கு இந்தக் குழப்பமே கிடையாது. வேறு குழப்பம் உண்டு. 1996 வரை வாக்குச்சீட்டு, எனவே செல்லாத வாக்குகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். 2001இல்தான் எல்லாத் தொகுதிகளிலும் இயந்திரம் வந்தது. 1996, 2001 இரண்டையும் ஒப்பிடும்போது ‘பதிவானவை’ பத்தியை விட்டுவிட்டுச் ‘செல்லத்தக்கவை’ பத்தியை மட்டும் பாருங்கள்.

அடுத்து ஆவணங்கள். பொதுத்தேர்தலுக்கு ஆணையத்தின் புள்ளிவிவர அறிக்கை போதும். முதல் பொதுத்தேர்தலிலிருந்து வரிசையாக இருக்கிறது. அதற்கு அடியில் போக வேண்டுமானால் படிவம் 20, அதாவது இறுதி முடிவுத் தாள். இடப்பக்கம் வாக்குச்சாவடி எண், மேலே வேட்பாளர் பெயர்கள், பிறகு செல்லத்தக்க மொத்தம், நிராகரித்தவை, நோட்டா, கூட்டுத்தொகை. கடைசிப் பக்கத்தில்தான் இயந்திர வாக்கு, தபால் வாக்கு, இரண்டும் சேர்ந்த தொகை என்று மூன்று வரி வரும். பலர் முதல் வரியை எடுத்துவிட்டு, தபால் வாக்கை விட்டுவிடுகிறார்கள். வித்தியாசம் பத்தாயிரம் என்றால் அது பெரிதாகத் தெரியாது. 2021 தியாகராய நகர் மாதிரி 137 வாக்கில் முடிந்த தொகுதியில் கதையே மாறிவிடும்.

சாவடி எண்ணை வைத்து இரண்டு தேர்தலை ஒப்பிட வேண்டாம். ஒவ்வொரு முறையும் சாவடிகளைப் பிரிக்கிறார்கள், சேர்க்கிறார்கள். 2021இல் கொரோனாவுக்காக நிறையச் சாவடிகளைப் பிரித்தார்கள். எண்ணை விட்டுவிட்டு, பள்ளிக்கூடத்தின் பெயரையும் வாக்காளர் பட்டியலில் உள்ள தெருக்களையும் வைத்துப் பொருத்துங்கள்.

மறுநாள் நாளிதழை ஆதாரமாகக் கொள்ளாதீர்கள். அச்சுக்குப் போன நேரத்தில் இருந்த சுற்றின் எண்தான் பல சமயம் அதில் இருக்கும். செய்தித்தாள் வேறு வேலைக்கு உதவும்: பிரச்சாரத்தில் யார் எந்த அணியில் நின்றார்கள் என்று பார்க்க.

அரசிதழ்:

கட்சிப் பத்தி பற்றி. இரண்டு பத்திகளாகப் பிரியுங்கள்: ‘அதிகாரப்பூர்வக் கட்சி’, ‘சார்ந்த இயக்கம்’. இதைத் தவிர்க்க வழியே இல்லை.

2021இல் தி.மு.க. 133 இடங்கள் என்று ஆணையக் கணக்கு சொல்கிறது. அதில் ம.தி.மு.க. 4, மனிதநேய மக்கள் கட்சி 2, கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சி 1, தமிழக வாழ்வுரிமைக் கட்சி 1. இந்த எட்டுப் பேரும் உதயசூரியனில் நின்றவர்கள். அதே கூட்டணியில் வி.சி.க. தனிச் சின்னத்தில் நின்று 4 வென்றது, அது தனியாக இருக்கும். பண்ருட்டி வேல்முருகனை எடுத்தால் 2001, 2006 இரண்டிலும் பா.ம.க., 2021இல் ஆணையக் கணக்கில் தி.மு.க. ஒரு பத்திதான் என்றால் அவருடைய சொந்தக் கட்சி அட்டவணையில் எங்குமே வராது.

இது வெறும் பெயர் விவகாரம் இல்லை. சின்னம் கிடைக்க வேண்டுமானால் அந்தக் கட்சி கொடுத்த படிவம் ‘பி’ (இவர் எங்கள் வேட்பாளர் என்று கட்சி தரும் தாள்) வேட்புமனுவோடு போயிருக்க வேண்டும். அப்படி வென்றவர் பேரவையில் அந்தக் கட்சியின் உறுப்பினராகவே கணக்கில் வருவார், கொறடா உத்தரவும் அவருக்குப் பொருந்தும். கட்சித் தாவல் விவகாரம் எழும்போது முதலில் பார்ப்பது இதைத்தான்.

பின்னோக்கிப் போனால் இன்னும் கவனம் வேண்டும். 1957இல் தி.மு.க.வுக்கு ஆணைய அங்கீகாரம் கிடையாது. அந்த ஆண்டு அறிக்கையில் குளித்தலையில் வென்ற மு. கருணாநிதி சுயேச்சை. 1989இல் அ.தி.மு.க. இரண்டாகி நின்றது: ஜெயலலிதா அணிக்குச் சேவல், ஜானகி அணிக்கு இரட்டைப் புறா. அறிக்கையில் இரண்டும் தனித்தனிக் கட்சிகள். அவற்றை ‘அ.தி.மு.க.’ என்று ஒன்றாக்கினால், அந்தத் தேர்தலில் இரட்டை இலை முடக்கப்பட்டிருந்த வரலாறே காணாமல் போகும்.

அப்பாவுவுக்கு வருவோம். 1996 தமிழ் மாநில காங்கிரஸ், 2001 சுயேச்சை, 2006 தி.மு.க. ஒரே தொகுதியில் தொடர்ந்து மூன்று வெற்றி, மூன்று விதமாக. 2001 வரியில் ‘த.மா.கா.’ என்று எழுதும் பிழை வரலாம், உஷார். மூப்பனாரின் அந்தக் கட்சி காங்கிரஸில் இணைந்தது 2002இல். எனவே 2001இல் கட்சி இருந்தது, இவர்தான் அதன் வேட்பாளராக நிற்கவில்லை.

1952, 1957 உறுப்பினர்களைத் தொகுக்கப் போகிறீர்கள் என்றால் இரட்டை உறுப்பினர் தொகுதிகளைப் பாருங்கள். 1952இல் சென்னை மாநிலத்தில் 309 தொகுதிகளுக்கு 375 உறுப்பினர்கள். 1957இல் 167 தொகுதிகளுக்கு 205 பேர். அங்கே ஒவ்வொரு வாக்காளருக்கும் இரண்டு வாக்குகள். இரண்டையும் ஒருவருக்கே போட முடியாது. அதனால் 28 சதவீதம் வாங்கி வென்றவர் பலவீனமான வேட்பாளர் என்று எழுதிவிடக் கூடாது. உச்சவரம்பே கிட்டத்தட்ட 50தான். 1961 சட்டத்தால் இந்த முறை ஒழிந்தது; 1962 முதல் கணக்கு நேராக இருக்கும்.

பெயர் பற்றி ஒரு வார்த்தை. அறிக்கைகள் ஆங்கிலத்தில் இருப்பதால் ஒரே ஆளின் பெயர் மூன்று எழுத்துக்கூட்டலில் வரும், தலைப்பெழுத்தும் முன்னும் பின்னும் போகும். எதிர்ப்பக்கத்துச் சிக்கலும் உண்டு: ஒரே பெயரில் பல சுயேச்சைகள். 2024 மக்களவைத் தேர்தலில் ராமநாதபுரத்தில் ஓ. பன்னீர்செல்வம் என்ற பெயரிலேயே பலர் நின்றார்கள். பெயரை மட்டும் தேடி எடுத்தால் வேறொருவரின் சில நூறு வாக்குகள் உங்கள் வரியில் வந்து உட்காரும். கட்சி, சின்னம், முகவரி மூன்றும் பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும்.

எல்லைக்கோடு:

தொகுதிக் கேள்விக்கு என் பதில்: பெயர் ஒன்று, நிலப்பரப்பு வேறு.

தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தேர்தல்களில் 1977 முதல் 2006 வரை ஒரே எல்லை. 2008 தொகுதி எல்லைச் சீரமைப்பு ஆணையின் எல்லை 2011 தேர்தலிலிருந்து நடைமுறைக்கு வந்தது. மொத்த எண்ணிக்கை 234 மாறவில்லை. அதனால்தான் பலர் ஒன்றும் நடக்காதது போலத் தொடர்கிறார்கள். உள்ளே எத்தனையோ தொகுதிகள் மறைந்தன, புதிதாக முளைத்தன. சேப்பாக்கம் போய் சேப்பாக்கம்-திருவல்லிக்கேணி வந்தது. கொளத்தூர் புதிது. மு.க. ஸ்டாலினின் வரலாற்றில் 1984 முதல் 2006 வரை ஆயிரம் விளக்கு, 2011 முதல் கொளத்தூர் என்று கோடு சரியாக அந்த இடத்தில் விழுவதைக் கவனியுங்கள். (அவருக்கு 1984, 1991 இரண்டும் தோல்வி. சுருக்க வரலாறுகளில் முதலில் உதிர்வது இந்த மாதிரி வரிகள்தான். பேரவைச் செயலகம் வெளியிடும் உறுப்பினர் அறிமுக நூல்கள் வென்றவர்களுக்கானவை. தோற்ற தேர்தலை அங்கே தேடிப் பயனில்லை, ஆணைய அறிக்கைக்குத்தான் போக வேண்டும்.)

ராதாபுரத்துக்கு இப்போதைய எண் 228. சீரமைப்பு ஆணையின் அட்டவணையில் எந்த வட்டம், எந்த வருவாய் கிராமம், எந்தப் பேரூராட்சி என்று வரிவரியாக இருக்கும். பழைய ஆணையையும் புதியதையும் பக்கத்தில் வைத்துக் கிராமப் பெயர்களை அடித்துக்கொண்டே வந்தால் எது உள்ளே வந்தது, எது வெளியே போனது என்று ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

அட்டவணையில் செய்ய வேண்டியது: 2006க்கும் 2011க்கும் இடையே தடித்த கோடு. ‘முந்தைய தேர்தலைவிடக் கூடுதல்/குறைவு’ என்ற பத்தி வைத்திருந்தால் 2011 வரியில் அதைக் காலியாக விடுங்கள்.

பூத்சிலிப்:

எல்லைக்கோடு சொல்வதில் ஒன்றை மட்டும் கூட்டுகிறேன். அந்தப் பத்தியையே எடுத்துவிடலாம் என்பது என் கருத்து. தமிழ்நாட்டில் ஒரு கட்சி ஒரு தேர்தலில் நிற்கும், அடுத்ததில் கூட்டணிக்கு விட்டுக்கொடுக்கும். 2011இல் ராதாபுரத்தில் வென்றது தே.மு.தி.க.வின் மைக்கேல் ராயப்பன். அங்கே தி.மு.க.வின் ‘மாற்றம்’ என்று எதைக் கணக்கிடுவீர்கள்? கட்சிக்கும் பொருளில்லை, ஆளுக்கும் பொருளில்லை.

வைகறை:

கூடுதல்/குறைவு பத்தி வைக்கப்போவதில்லை. கட்சியை இரண்டாகப் பிரித்தாயிற்று. சதவீதம் செல்லத்தக்க வாக்குகளின் மீது. இனி 2016தான் மிச்சம். கூடவே பதவிக்காலம்: தொடக்கத் தேதியாக வாக்குப்பதிவு நாளா, முடிவு நாளா, உறுதிமொழி நாளா? இடைத்தேர்தலில் வந்தவர்களுக்கு எந்தப் பேரவை எண்?

நடவடிக்கைக்குறிப்பு:

2016 ராதாபுரம்: மே 16 வாக்குப்பதிவு, மே 19 எண்ணிக்கை. அ.தி.மு.க.வின் ஐ.எஸ். இன்பதுரை 49 வாக்கு வித்தியாசத்தில் வென்றதாக அறிவிப்பு. அப்பாவு உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குப் போட்டார். மையப் புள்ளி 203 தபால் வாக்குகள். தபால் வாக்கோடு வரும் உறுதிமொழிப் படிவத்தில் வாக்காளரின் கையெழுத்துக்கு அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரி சான்றளிக்க வேண்டும். பள்ளித் தலைமையாசிரியர் சான்றளித்தவற்றை அந்தத் தகுதி இல்லை என்று தள்ளிவிட்டார்கள். 49 வித்தியாசத்தில் 203 வாக்கு எவ்வளவு பெரியது என்று சொல்லத் தேவையில்லை. 2019 அக்டோபரில் அந்தத் தபால் வாக்குகளையும், 19, 20, 21ஆம் சுற்றுகளின் இயந்திர வாக்குகளையும் மறுபடி எண்ண உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எண்ணியும் ஆயிற்று. முடிவை அறிவிக்க உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 15ஆவது பேரவை முடியும்வரை உறுப்பினராக இருந்தவர் இன்பதுரைதான்.

எனவே முடிவுப் பத்தியில் அப்பாவுவுக்கு ‘தோல்வி, 49’. அடிக்குறிப்பில் வழக்கு. மறு எண்ணிக்கையில் இன்னார் முந்தினார் என்று அப்போது உலவிய எண்களை எழுதாதீர்கள். நீதிமன்றம் அறிவிக்காத எண் அட்டவணையில் இடம்பெறத் தகுதியில்லை.

நெருக்கமான முடிவு எதைத் தொகுத்தாலும் தேர்தல் வழக்கு உண்டா என்று தேடிப் பாருங்கள். முடிவு அறிவித்த நாளிலிருந்து 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் போட்டாக வேண்டும். அது தாண்டினால் கதவு மூடிவிடும். எனவே எந்த மாதத்துப் பதிவுகளைத் தேட வேண்டும் என்பது உங்களுக்கு முன்கூட்டியே தெரியும்.

பதவிக்காலம். சட்டப்படி ஒருவர் ‘தேர்ந்தெடுக்கப்பட்ட நாள்’ தேர்தல் நடத்தும் அதிகாரி முடிவை அறிவித்த நாள். 2011இல் வாக்குப்பதிவு ஏப்ரல் 13, முடிவு மே 13. 2021இல் ஏப்ரல் 6, மே 2. வாக்குப்பதிவு நாளைப் போட்டால் ஒரு மாதம் தள்ளிப்போகும். உறுதிமொழி என்பது அவையில் உட்கார்ந்து வாக்களிக்கத் தேவை, தேர்ந்தெடுக்கப்படுவதற்கு இல்லை. 2016இல் திருப்பரங்குன்றத்தில் வென்ற சீனிவேல் உறுதிமொழி எடுக்கும் முன்பே மே 25 அன்று காலமானார். அதனால்தான் அங்கே ‘இடைத்தேர்தல்’ நடந்தது. ஐந்தாண்டு எண்ணப்படுவது பேரவையின் முதல் கூட்டத்திலிருந்து. எல்லாப் பேரவையும் ஐந்தாண்டு ஓடவில்லை என்பதையும் மறக்க வேண்டாம்: 1989இல் வந்தவர்களுக்கு 1991 ஜனவரி 30 அன்று முடிந்தது.

இடைத்தேர்தலில் வந்தவருக்கு நடப்பிலிருக்கும் பேரவையின் எண்தான், மீதிக் காலம்தான். பேரவைக் காலம் ஓராண்டுக்குக் குறைவாக மிச்சமிருந்தால் இடைத்தேர்தல் நடத்த வேண்டியதில்லை. மற்றபடி ஆறு மாதத்துக்குள். பொதுத்தேர்தல் அறிக்கையில் இடைத்தேர்தல் இருக்காது, அதற்கென்று தனிப் பட்டியல் உண்டு. தொகுப்புகளில் ஓட்டை விழுவது பெரும்பாலும் இங்கேதான்.

ஒரு நுணுக்கம்: 2016 நவம்பர் 19 அன்று அரவக்குறிச்சி, தஞ்சாவூர், திருப்பரங்குன்றம் மூன்றிலும் வாக்குப்பதிவு. மூன்றையும் இடைத்தேர்தல் என்று செய்திகளில் எழுதினார்கள். முதல் இரண்டும் பணப் பட்டுவாடா புகாரால் தள்ளிவைத்த பொதுத்தேர்தல். மூன்றாவது மட்டுமே இடைத்தேர்தல். 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகரில் நடந்தது வேறு மாதிரி: அறிவிப்பே ரத்து. டிசம்பர் 21இல் நடந்தது புதிய தேர்தல், அதில் டி.டி.வி. தினகரன் சுயேச்சையாக வென்றார். ஏப்ரலுக்கு வரி போடக் கூடாது, குறிப்பு மட்டும்.

அமைச்சர் பதவியை உறுப்பினர் காலத்தோடு கலக்காதீர்கள். ஜெயலலிதா 2001இல் நான்கு தொகுதிகளில் மனு செய்தார், நான்கும் நிராகரிப்பு. உறுப்பினராக இல்லாமலே மே 14 அன்று முதல்வரானார். செப்டம்பர் 21 அன்று அந்த நியமனம் செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். 2002 பிப்ரவரி ஆண்டிப்பட்டி இடைத்தேர்தலில்தான் 12ஆவது பேரவையின் உறுப்பினர் ஆகிறார். சொத்துக் குவிப்பு வழக்கில் 2014 செப்டம்பர் 27 தீர்ப்பு நாளிலேயே ஸ்ரீரங்கம் உறுப்பினர் பதவி போனது. அதற்கு முந்தைய ஆண்டு லில்லி தாமஸ் வழக்கில், தண்டனை பெற்ற உறுப்பினர் மேல்முறையீடு செய்தால் பதவியில் நீடிக்கலாம் என்ற பாதுகாப்பை உச்ச நீதிமன்றம் நீக்கியிருந்தது. இந்த வரலாற்றை ‘2011–2016 ஸ்ரீரங்கம்’ என்று ஒரே வரியில் எழுதியிருந்தால் அது பிழை.

அப்போது இருந்த சட்ட மேலவையையும் பார்க்க வேண்டும். கருணாநிதி 1983இல் சட்டமன்ற உறுப்பினர் பதவியை விட்டார், 1984இல் பேரவைக்குப் போட்டியிடவில்லை, மேலவை உறுப்பினர் ஆனார். 1986 நவம்பர் 1 அன்று மேலவையே கலைந்தது. பேரவைத் தேர்தல்களை மட்டும் பார்த்தால் அந்த இடைவெளிக்குக் காரணம் தெரியாது.

மனுப்படிவம்:

பிரமாணப் பத்திரம் (சொத்து, வழக்கு விவரங்களை வேட்பாளர் உறுதியளித்துத் தருவது): படிவம் 26. சட்டமன்றப் பொதுத்தேர்தல் என்று பார்த்தால் தமிழ்நாட்டில் 2006 முதல்தான் கிடைக்கும். அதற்கு முந்தைய ஆண்டுகளுக்குச் சொத்து விவரம் தேடி அலைய வேண்டாம்.

ஒரே வேட்பாளர் நான்கு மனுக்கள் வரை தாக்கல் செய்யலாம். ஆணையத் தளத்தில் ஒருவர் பெயரில் இரண்டு மூன்று பத்திரங்கள் தென்பட்டால் மனு வரிசை எண்ணையும், ‘ஏற்கப்பட்டது’ என்ற நிலையையும் பாருங்கள். முதலில் கொடுத்ததில் ஏதாவது பத்தியைக் காலியாக விட்டிருந்தால் திருத்திய பத்திரம் கொடுப்பதும் நடக்கும். அப்போது பிந்தையதை எடுங்கள்.

சொத்தை ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடுவதில் ஒரு பொறி: அசையாச் சொத்தில் வாங்கிய விலை, இப்போதைய சந்தை மதிப்பு என இரண்டும் இருக்கும். ஒரு தேர்தலுக்கு முதலாவதையும் அடுத்ததற்கு இரண்டாவதையும் எடுத்தால் சொத்து பல மடங்கு பெருகியதாகத் தெரியும். வாழ்க்கைத் துணை, சார்ந்தோர் பத்திகளைத் தனித்தனியே வையுங்கள். வழக்குப் பகுதியிலும் நிலுவையில் உள்ளவையும் தண்டனை பெற்றவையும் வேறுவேறு பட்டியல்; கூட்டி ஒரே எண்ணாக எழுதுவது அந்த மனிதருக்கு அநியாயம்.

காப்புத்தொகையும் காலத்துக்குக் காலம் வேறு. 1996 பொதுத்தேர்தல் வரை 250 ரூபாய், பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு அதில் பாதி. மொடக்குறிச்சியில் 1,033 பேர் நின்றது அந்தத் தொகையில்தான். அதே ஆண்டு 5,000 ஆனது, இப்போது 10,000. பாதிக் கட்டணச் சலுகை தொடர்கிறது. ‘டெபாசிட் இழப்பு’ என்று குறிப்பிடும்போது ரூபாயையும் எழுதுவதானால் ஆண்டைப் பார்த்து எழுதுங்கள்.

வைகறை:

இப்போது அப்பாவு அட்டவணை இப்படி நிற்கிறது. 1996 ராதாபுரம், த.மா.கா., வெற்றி. 2001 சுயேச்சை, வெற்றி. 2006 தி.மு.க., வெற்றி. தடித்த கோடு. 2011 வரி இல்லை. 2016 தி.மு.க., தோல்வி, 49, அடிக்குறிப்பு. 2021 தி.மு.க., வெற்றி, தேர்ந்தெடுக்கப்பட்ட நாள் மே 2, பேரவைத் தலைவர் ஆனது மே 12, அது பதவிகள் பத்தியில். சரிதானே?

நடவடிக்கைக்குறிப்பு:

சரி. 2011 வரி இல்லாததற்கு ‘போட்டியிடவில்லை’ என்று எழுதிவிடுங்கள். வெறுமனே விட்டால் அடுத்து தொகுப்பவர் தரவு கிடைக்கவில்லை என்று நினைத்துத் தேடுவார்.